ஆல்பர்ட் சாபின்

ஆல்பர்ட் புரூசு சாபின் (ஆகஸ்ட் 26, 1906 – மார்ச் 3, 1993) போலந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த மருத்துவரும் தீநுண்மி (வைரசு) ஆய்வாளரும் ஆவார். இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோய்க்கு எதிராக வாய்வழியே கொடுக்கப்படும் தடுப்பு மருந்தை உருவாக்கியவர் இவரே. தமிழ்நாட்டில் போலியோ சொட்டு மருந்து என்று அறியப்படுவது இம்மருந்துதான். 1990களின் நடுப்பகுதி முதல் மாநிலம் முழுவதும் நடந்த சொட்டு மருந்து முகாம்களில், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளிட்ட எல்லா ஊர்களிலும் குழந்தைகளின் நாவில் இடப்பட்டதும் இதுவே. அக்குழந்தைகளின் இடக்கைச் சிறுவிரலில் வைக்கப்பட்ட மை பலருக்கும் நினைவிருக்கும்; மருந்தை ஆக்கியவரின் பெயர் அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

சாபின் தம் வாழ்நாளில் ஆராய்ந்த தீநுண்மிகளுள் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ வகையைச் சேர்ந்தவை. போலியோ, டெங்கு, மணல் ஈக் காய்ச்சல், சப்பானிய மூளையழற்சி, தட்டம்மை ஆகியவற்றின் தீநுண்மிகள் இவ்வகையின. இத்தகைய தீநுண்மி ஒன்றைக் கொல்லாமல், வீரியத்தை மட்டும் குறைத்து மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்பதே இவரது உறுதியான கொள்கை. அக்கொள்கை உலகின் மிகப் பெரும்பகுதியிலிருந்து போலியோவை அகற்றியது. அதே வேளையில், அரிதாகச் சிலருக்கு அம்மருந்தே வாதத்தை உண்டாக்கியது.

பிறப்பும் கல்வியும்

சாபின் அப்போதைய உருசியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பியாவிசுதோக் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஆப்ரம் சாபர்சுடைன். யூதர்கள் மீதான வன்முறைகளால் துன்புற்ற இக்குடும்பம் 1921 ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூ செர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் குடியேறியது. இராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்றிருப்பது போலப் பேட்டர்சன் அக்காலத்தில் பட்டு நெசவாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். இவரது தந்தையும் நெசவுத் தொழிலையே சார்ந்திருந்தார்.

பல் மருத்துவரான உறவினர் ஒருவர், தம் தொழிலையே இவரும் மேற்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துடன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கப் பொருளுதவி செய்தார். நுண்ணுயிர் ஆய்வாளர்களின் வரலாற்றைக் கூறும் பால் டி குரூப்பின் நூலைப் படித்த சாபின், பல் மருத்துவத்தைக் கைவிட்டுப் பொது மருத்துவத்துக்கு மாறினார். இதனால் அவ்வுதவி நின்றுபோனது. அங்குப் பேராசிரியராக இருந்த வில்லியம் பார்க் இவருக்குப் பணியும் படிப்பைத் தொடர வழியும் செய்து கொடுத்தார். 1930 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தம் பெயரை ஆல்பர்ட் சாபின் என மாற்றிக்கொண்டார். 1931 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. இவரது போலியோ ஆய்வு தொடங்கியது அப்போதுதான்.

குரங்குக் கடி

1932 இல் இவருடைய உடன் ஆய்வாளரான வில்லியம் பிரெப்னரை ஆய்வகக் குரங்கு ஒன்று கடித்தது. சில நாள்களில் அவர் உடல் செயலிழந்து இறந்தார். அவரது உடல் திசுவிலிருந்து சாபின் பிரித்தெடுத்த தீநுண்மிக்கு, இறந்தவருடைய பெயரின் முதலெழுத்தைக் கொண்டு பி தீநுண்மி எனப் பெயரிடப்பட்டது. இது ஆர்.என்.ஏ வகை அன்று; அக்கி நோய்த் தீநுண்மியின் இனத்தைச் சேர்ந்த டி.என்.ஏ வகை. பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த இவரை ஆய்வுலகம் கவனிக்கத் தொடங்கியது இக்கண்டுபிடிப்பினால்தான்.

குரங்குகளைப் பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். போலியோ ஆய்வுக்கும் பின்னர்த் தடுப்பு மருந்து தயாரிப்புக்கும் பெருமளவில் பயன்பட்டவை வட இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான செம்முகக் குரங்குகள். ஏற்றுமதியின்போது அவை பட்ட துன்பங்கள் காரணமாக இந்திய அரசு 1955 இல் தற்காலிகமாகவும், 1978 இல் முழுமையாகவும் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மலையடிவாரங்களில் காணப்படுவது தென்னிந்திய நாட்டுக் குரங்காகும். அது வேறோர் இனம்.

மூளையா, குடலா?

இலண்டனில் சிறிது காலம் பயின்ற பின் சாபின் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1936 இல் அவரும் பீட்டர் ஓலிட்சுகியும் போலியோ தீநுண்மியை மனிதக் கருவின் நரம்புத் திசுவில் வளர்த்துக் காட்டினர். பிற திசுக்களில் அது வளரவில்லை. எனவே போலியோ நரம்புத் திசுவில் மட்டுமே பெருகும் என்ற கருத்து வலுப்பெற்றது. இம்முடிவு தவறானது. அவர்கள் பயன்படுத்திய தீநுண்மி பல ஆண்டுகளாகக் குரங்கு மூளைகளில் மட்டுமே வளர்க்கப்பட்டு, அதற்கே பழகிவிட்ட ஒன்று. நரம்புத் திசுவில் வளர்த்த தீநுண்மியை மனிதர்களுக்குச் செலுத்துவது ஆபத்தானது என்பதால் தடுப்பு மருந்து முயற்சிகள் பல ஆண்டுகள் பின்தங்கின.

இத்தவறைத் திருத்துவதில் சாபினுக்கே பெரும் பங்கு உண்டு. 1939 இல் சின்சினாட்டி நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வு நிறுவனத்துக்கு மாறிய அவர், ராபர்ட் வார்டுடன் சேர்ந்து, போலியோவால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தார். மூக்கின் வழியாகத் தீநுண்மி மூளையை அடைகிறது என்பதே அன்றைய கருத்து. ஆனால் மூக்குத் திசுவில் அது காணப்படவில்லை. குடலிலோ மிகுதியாக இருந்தது. 1941 இல் வெளியான இம்முடிவு, போலியோ உணவு, நீர், அழுக்கான கைகள் ஆகியவற்றின் வழியாகக் குடலுக்குள் புகும் நோய் என்பதை உணர்த்தியது. குடலிலேயே அதைத் தடுக்கவேண்டும் என்ற எண்ணம் சாபினிடம் வேரூன்ற இதுவே காரணம்.

1949 இல் ஜான் எண்டர்சு, தாமசு வெல்லர், பிரெடெரிக் ராபின்சு ஆகியோர் நரம்பு அல்லாத திசுக்களிலும் போலியோ தீநுண்மியை வளர்க்கலாம் எனக் காட்டினர். 1954 இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இம்மூவரே. சாபினுக்கோ அவருடைய போட்டியாளரான யோனாசு சால்க்குக்கோ அப்பரிசு கிட்டவில்லை.

போர்க்காலமும் டெங்கும்

இரண்டாம் உலகப் போரின்போது சாபின் அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். படைவீரர்களைப் படுக்கையில் வீழ்த்திய மணல் ஈக் காய்ச்சல், டெங்கு, சப்பானிய மூளையழற்சி ஆகியவற்றை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட பணி. இவருடைய மூளையழற்சித் தடுப்பு மருந்து 1945 இல் ஒகினாவாத் தீவில் இருந்த அமெரிக்கப் படையினருக்குச் செலுத்தப்பட்டது.

டெங்கு ஆய்வு தமிழக வாசகர்களுக்கு நெருக்கமானது. அவாய், நியூ கினி, கல்கத்தா ஆகிய இடங்களில் காய்ச்சலுற்ற படைவீரர்களின் குருதியிலிருந்து சாபினின் குழுவினர் டெங்கு தீநுண்மிகளைப் பிரித்தெடுத்தனர். அவை ஒரே வகை அல்ல என்பது தெரியவந்தது. இன்று டெங்கு 1, டெங்கு 2 எனப்படும் பிரிவுகள் இவ்வாறு உருவானவை. பின்னர் மேலும் இரு வகைகள் அறியப்பட்டன. ஒரு வகையால் காய்ச்சலுற்றவருக்கு அவ்வகைக்கு எதிரான காப்பு நெடுங்காலம் நீடிக்கிறது என்றும், மற்ற வகைக்கு எதிரான காப்பு இரண்டு, மூன்று மாதங்களில் மறைந்துவிடுகிறது என்றும் அவர் கண்டறிந்தார். வேறொரு வகையால் இரண்டாம் முறை வரும் டெங்கு ஏன் கடுமையாகிறது என்று பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் இக்கண்டுபிடிப்பிலிருந்தே புறப்பட்டன. குழாய் நீர் நாள்தோறும் வராத ஊர்களில் குடங்களிலும் தொட்டிகளிலும் சேமிக்கும் நல்ல நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடுகிறது. எனவே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் மழைக்காலந்தோறும் இது இன்றும் கவலைக்குரிய நோயாகவே உள்ளது.

இந்த ஆய்வுகளில் சிறைக் கைதிகள் தன்னார்வலர்களாகப் பயன்படுத்தப்பட்டனர். அக்காலத்தில் இது ஏற்கப்பட்ட நடைமுறை. சிறையில் உள்ள ஒருவரின் ஒப்புதல் எந்த அளவுக்குத் தன்விருப்பமானது என்ற கேள்வி பின்னரே எழுந்தது. இன்றைய நெறிமுறைகள் இத்தகைய ஆய்வுகளை ஏற்பதில்லை.

போலியோ தீநுண்மி பெருகும் முறை

சாபினின் மருந்தையும் அதன் குறையையும் புரிந்துகொள்ள இத்தீநுண்மி பெருகும் முறையை அறிய வேண்டும். இது சுமார் 30 நானோமீட்டர் விட்டமுடைய புரதக் கூடு. அதனுள் சுமார் 7,500 நியூக்ளியோட்டைடுகளால் ஆன ஒற்றை ஆர்.என்.ஏ இழை உள்ளது. தீநுண்மி மனித உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி155 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, தன் இழையை உள்ளே செலுத்துகிறது.

இந்த இழை நேர்வகை ஆர்.என்.ஏ ஆகும். அதாவது, உயிரணுவின் தூது ஆர்.என்.ஏவைப் போலவே ரைபோசோம்கள் இதையும் நேரடியாகப் படித்துப் புரதம் ஆக்க இயலும். வெறிநாய்க்கடி, தட்டம்மை, இன்ஃபுளுவென்சா ஆகியவற்றின் தீநுண்மிகள் எதிர்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் இழையை ரைபோசோம் படிக்க இயலாது என்பதால் அவை படியெடுக்கும் நொதியையும் உடன் கொண்டு வருகின்றன.

உயிரணுவின் சொந்தத் தூது இழைகளில் ரைபோசோம் இழையின் தொடக்க முனையில் உள்ள ஒரு மூடியை அடையாளமாகக் கொண்டு ஏறும். போலியோ இழையில் அம்மூடி இல்லை. மாறாக, இழையின் தொடக்கப் பகுதி பல மடிப்புகளாக மடிந்து, ரைபோசோம் நேராக உள்ளே ஏறுவதற்கான நுழைவிடமாக அமைகிறது. தீநுண்மியின் நொதி ஒன்று, மூடியுள்ள இழைகளைப் படிக்கத் தேவையான புரதத்தை வெட்டிவிடுகிறது. உயிரணுவின் சொந்தப் புரத ஆக்கம் இதனால் முடங்க, ரைபோசோம்கள் தீநுண்மிக்கே பணிபுரிகின்றன. முதலில் ஒரே நீண்ட புரதம் உருவாகி, பின் அது பல துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகளுள் ஒன்றே ஆர்.என்.ஏ பாலிமரேசு என்னும் படியெடுக்கும் நொதி. இது நேரிழையிலிருந்து எதிரிழையையும், ஒவ்வோர் எதிரிழையிலிருந்தும் பல நேரிழைகளையும் உருவாக்குகிறது. ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான தீநுண்மிகள் உருவாகி உயிரணு சிதைகிறது.

மனித உயிரணு தன் டி.என்.ஏவைப் படியெடுக்கும்போது பிழை திருத்தும் அமைப்பைக் கொண்டுள்ளது. போலியோ பாலிமரேசுக்கு அது கிடையாது. ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்துகளுக்கு ஒரு பிழை என்ற அளவில் அது தவறு செய்கிறது. இழையின் நீளம் 7,500 என்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு புதிய படியிலும் ஒரு மாற்றம் இருக்கலாம். ஒரே தீநுண்மியிலிருந்து தோன்றியவையும் தம்முள் சிறிது வேறுபட்ட கூட்டமாகவே இருக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியது மற்றவற்றை முந்திப் பெருகுகிறது.

வீரியம் குறைந்த விகாரங்கள்

இவ்விவரங்களுள் பெரும்பாலானவை 1950களின் தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. போலியோ தீநுண்மியின் எழுத்து வரிசை முழுமையாகப் படிக்கப்பட்டது 1981 இல்தான். சாபின் செய்தது ஒருவகையில் உழவர்கள் விதை பொறுக்குவது போன்ற வேலை. குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் தீநுண்மியை விரைவாகத் திரும்பத் திரும்ப வளர்த்தார். தனித்தனித் தீநுண்மியிலிருந்து தோன்றிய வழிமரபுகளைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொன்றையும் குரங்கின் மூளையிலும் தண்டுவடத்திலும் செலுத்திப் பார்த்தார். குடலில் நன்கு பெருகி, நரம்பில் ஏறத்தாழப் பெருகாத விகாரங்களே அவருக்குத் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கான குரங்குகளும், நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளும் இச்சோதனைகளில் பயன்பட்டன. இறுதியில் மூன்று வகைப் போலியோவுக்கும் ஒவ்வொரு விகாரம் தெரிவாயிற்று. இரண்டாம் வகைக்கான மூலத் தீநுண்மி நோய் அறிகுறி ஏதுமற்ற குழந்தை ஒன்றிடமிருந்து கிடைத்தது.

தெரிந்தெடுத்த மருந்தைச் சாபின் முதலில் தாமும் தம் குடும்பத்தாரும் உட்கொண்டார். பின்னர் ஒகையோ மாநிலச் சில்லிகோத்திச் சிறைத் தன்னார்வலர்களிடம் சோதித்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை எவை என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. மூன்றாம் வகை விகாரம் தன் மூலத் தீநுண்மியிலிருந்து ஏறத்தாழப் பத்து எழுத்துகளில் மட்டுமே வேறுபடுகிறது. அவற்றுள் மிக முக்கியமானது 472 ஆவது எழுத்து. சைட்டோசின் இருந்த இடத்தில் யுராசில் வந்துள்ளது. மற்ற இரு வகைகளிலும் இதற்கு மிக அருகிலேயே மாற்றம் உள்ளது. மூன்றும் ரைபோசோம் ஏறும் நுழைவிடத்தில் அமைந்தவை. மடிப்பு சற்றுத் தளர்வதால் நரம்பு உயிரணுவில் தீநுண்மியின் புரத ஆக்கம் குன்றுகிறது. குடலில் அது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.

சோவியத் ஒன்றியத்தில் சோதனை

இதற்கிடையே 1955 ஏப்ரலில் சால்க்கின் ஊசி மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பார்மலினால் கொல்லப்பட்ட தீநுண்மியைக் கொண்டது. அதே ஆண்டில் ஒரு நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் தீநுண்மி உயிருடன் இருந்ததால் குழந்தைகள் பலர் வாதமுற்றனர்; சிலர் இறந்தனர். தயாரிப்பு முறை திருத்தப்பட்ட பின் ஊசி மருந்து நற்பயன் அளித்தது. இலட்சக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகள் ஏற்கெனவே ஊசி பெற்றுவிட்டதால் சாபின் தம் மருந்தைப் பெருமளவில் சோதிக்க அங்கு இடமில்லாமல் போனது.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் சாபின் சோவியத் ஒன்றியத்தை நாடினார். மாஸ்கோவின் மிகைல் சுமக்கோவும் லெனின்கிராடின் அனத்தோலி சுமரோதின்சேவும் அவருடைய விகாரங்களைப் பெற்று மருந்து தயாரித்தனர். 1959 ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதை உட்கொண்டனர். இம்முடிவுகளை அமெரிக்காவில் பலர் ஐயத்துடன் நோக்கினர். உலக நலவாழ்வு அமைப்பின் சார்பில் தோரதி ஆர்சுட்மன் நேரில் சென்று ஆராய்ந்து, சோதனை முறையாக நடந்துள்ளதை உறுதிப்படுத்தினார். பகை நாடுகளாக இருந்த இரண்டின் ஆய்வாளர்கள் இவ்வாறு இணைந்தது அறிவியல் வரலாற்றில் அரிய நிகழ்வு எனலாம். 1961, 1962 ஆம் ஆண்டுகளில் மூன்று வகைகளும் அமெரிக்காவில் தனித்தனியாக ஒப்புதல் பெற்றன. தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமை முகாம்களில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் மருந்தை உட்கொண்டனர்.

சாபின் தம் மருந்துக்குக் காப்புரிமை பெறவில்லை. 1972 இல் தம் விகாரங்களை உலக நலவாழ்வு அமைப்புக்கு அளித்தார். ஒரு தவணைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஊசியோ பயிற்சி பெற்ற மருத்துவரோ தேவையில்லை. மருந்துண்ட குழந்தையின் மலத்தில் வெளியேறும் வீரியம் குறைந்த தீநுண்மி அண்டை வீட்டுக் குழந்தைக்கும் பரவி அதற்கும் காப்பளிக்கலாம். கழிப்பிட வசதி குறைந்த நாடுகளுக்கு இது பொருத்தமானது எனச் சாபின் கருதினார்.

இந்தியாவில்

எதிர்பார்ப்புக்கு முதல் அடி தமிழ்நாட்டிலேயே விழுந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் உடன் ஆய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில், மூன்று தவணை உட்கொண்ட குழந்தைகளுள் கணிசமானோர்க்குக் காப்பு உருவாகவில்லை என்பதைக் காட்டினர். வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று தவணைகளுக்குப் பின் காப்புப் பெற்றவர்கள் முதல் வகைக்கு 73 விழுக்காடு, இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70 விழுக்காடு என்ற அளவிலேயே இருந்தனர். அமெரிக்காவில் இது 95 விழுக்காட்டுக்கும் மேல். வெப்ப நாடுகளில் குழந்தைகளின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற தீநுண்மிகளும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நியூயார்க்கில் மூன்று தவணை போதுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அது போதாது என்பதே இதன் பொருள்.

குன்னூரில் உள்ள இந்தியப் பாஸ்டர் நிறுவனத்தில் 1960களின் இறுதியில் இம்மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1979 இல் சொட்டு மருந்து தேசியத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தது. குறைந்த பலனை ஈடுசெய்ய, ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் மருந்தளிக்கும் முறை வேலூரில் 1980களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கியூபாவிலும் பிரேசிலிலும் இத்தகைய முகாம்கள் முன்பே நடந்திருந்தன. பிரேசில் முகாம்களுக்குச் சாபினே ஆலோசகராக இருந்து, புள்ளிவிவரங்கள் தொடர்பாக அரசுடன் பிணங்கி விலகினார். 1995 திசம்பரில் இந்தியா முழுவதும் துடிப்பு போலியோ முகாம்கள் தொடங்கின. தமிழ்நாட்டில் பள்ளிகள், சத்துணவுக் கூடங்கள், ஆரம்ப நலவாழ்வு நிலையங்களோடு பேருந்து நிலையங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் மருந்து வழங்கப்பட்டது. பயணத்தில் இருக்கும் குழந்தைகள் விடுபடக்கூடாது என்பதே நோக்கம். விருதுநகர் – தென்காசி இருப்புப் பாதையில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற திருவிழாக்கூட்டமும் ஆலைத் தொழிலாளர் போக்குவரத்தும் மிகுந்த ஊர்களில் இதன் தேவை புரியும்.

தமிழ்நாட்டில் 2004 க்குப் பின் இயற்கைப் போலியோ காணப்படவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போராட்டம் நீண்டது. 2009 இல் இந்தியாவில் 741 பேர் பாதிக்கப்பட்டனர். 2010 இல் 42 பேர். 2011 இல் ஒருவர். மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் 2011 சனவரி 13 அன்று நோயுற்ற குழந்தையே இறுதி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இயற்கைத் தீநுண்மியின் இரண்டாம் வகை 2015 இலும், மூன்றாம் வகை 2019 இலும் உலகிலிருந்து ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டன. முதல் வகை ஆப்கானித்தானத்திலும் பாக்கித்தானிலும் தொடர்கிறது.

மருந்தே நோயாதல்

பிழை செய்யும் நொதி சாபினின் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. மருந்துண்ட குழந்தையின் குடலில் பெருகும்போதும் அது பிழை செய்கிறது. மூன்றாம் வகையின் 472 ஆவது எழுத்து சில நாள்களுக்குள்ளேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதை 1980களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பெரும்பாலும் இதனால் தீங்கு நேர்வதில்லை. அதற்குள் குழந்தையின் உடல் காப்பைப் பெற்றுவிடுகிறது. மிக அரிதாக வாதம் ஏற்படுகிறது. ஏறத்தாழ 27 இலட்சம் முதல் தவணைகளுக்கு ஒருவர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு. தடுப்பு மருந்து குறைவாகப் போடப்பட்ட பகுதிகளில் இத்தீநுண்மி ஆளுக்கு ஆள் நெடுங்காலம் பரவி, இயற்கைத் தீநுண்மியைப் போலவே கொள்ளைநோயாக மாறவும் கூடும். 2000 ஆம் ஆண்டில் எயிட்டி, தொமினிக்கன் குடியரசு நாடுகளில் இவ்வாறு நேர்ந்தது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது.

1960களிலேயே அமெரிக்க அரசின் வல்லுநர் குழு, மருந்துண்டவர் சிலருக்கு ஏற்பட்ட வாதத்துக்கு மருந்து காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதியது. சாபின் இதை ஏற்க மறுத்தார். வேறு காரணங்களைச் சுட்டி நெடுங்காலம் வாதிட்டார். தரவுகளில் மிகுந்த கண்டிப்புக் காட்டிய ஒருவர் இதில் மட்டும் சான்றுகளை மதிக்கத் தவறினார் என்றே கூறவேண்டியுள்ளது. 1970களில் அக்கித் தீநுண்மிக்கும் சில புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டெனத் தாம் வெளியிட்ட முடிவை, மறுபடி சோதித்தபோது கிட்டவில்லை என்பதால் தாமே வெளிப்படையாகத் திரும்பப் பெற்றவரும் இவரே. அமெரிக்கா 2000 ஆம் ஆண்டு முதல் சொட்டு மருந்தை விடுத்து ஊசி மருந்துக்கு முழுமையாக மாறியது. இந்தியாவில் இன்று இரண்டும் கொடுக்கப்படுகின்றன.

இறுதிக் காலம்

1970 முதல் 1972 வரை இசுரேலின் வைசுமன் அறிவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 1980களில் தட்டம்மைத் தடுப்பு மருந்தை ஊசியின்றி மூச்சுவழி செலுத்தும் முறையை மெக்சிகோ ஆய்வாளர்களுடன் சோதித்தார். 1983 இல் கழுத்து முதுகெலும்பில் சுண்ணாம்பு படிந்ததால் அவருக்கே கைகால்கள் செயலிழந்து கடும் வலி ஏற்பட்டது. அதிலிருந்து பெரும்பாலும் மீண்டார். 1965 இல் லாசுக்கர் விருதும் 1986 இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கமும் பெற்றார். 1993 மார்ச் 3 அன்று தம் 86 ஆம் அகவையில் வாசிங்டனில் இதயச் செயலிழப்பால் காலமானார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவுக்குப் பின்

சாபினின் விகாரங்கள் அவர் எண்ணிப் பார்த்திராத பயன்களுக்கும் வந்துள்ளன. போலியோ பற்றிக்கொள்ளும் சிடி155 ஏற்பி பலவகைப் புற்று உயிரணுக்களில் மிகுதியாக உள்ளது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மத்தியாசு குரோமையரின் குழுவினர், சாபினின் முதல் வகை விகாரத்தில் ரைபோசோம் நுழைவிடத்தை நீக்கிவிட்டு, தடிமனை உண்டாக்கும் ரைனோ தீநுண்மியின் நுழைவிடத்தை அங்கே பொருத்தினர். இக்கலப்புத் தீநுண்மி நரம்பு உயிரணுவில் பெருக இயலாது. புற்று உயிரணுவில் பெருகி அதை அழிப்பதோடு, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பையும் அப்புற்றின் மீது திருப்புகிறது. மூளைப் புற்றுநோய் மீண்டும் தோன்றிய 61 பேருக்கு இது கட்டியினுள் நேரடியாகச் செலுத்தப்பட்டது. 2018 இல் வெளியான முடிவுகளின்படி மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் 21 விழுக்காடு. முன்பு பிற சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளிடையே அது 4 விழுக்காடாக இருந்தது. ஒப்பீட்டுக் குழு உடன் வைக்கப்படாத சிறு சோதனை என்பதாலும், மூளை வீக்கம் போன்ற பக்க விளைவுகள் நேர்ந்ததாலும் இதை உறுதியான சிகிச்சை எனக் கொள்ள இயலாது. தட்டம்மைத் தடுப்பு மருந்தின் தீநுண்மியும் புற்றுநோய்க்கு எதிராக இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளது. வேறொரு நேர்வகைத் தீநுண்மியின் படியெடுக்கும் நொதியை இரவலாகப் பெற்று, உடலினுள் தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ கொரோனாத் தடுப்பு மருந்து ஒன்று 2023 இல் சப்பானில் ஒப்புதல் பெற்றது.

சொட்டு மருந்தும் திருத்தப்பட்டுள்ளது. இரண்டாம் வகை விகாரத்தின் நுழைவிட மடிப்பை ஒற்றை எழுத்துப் பிழையால் பழைய நிலைக்குத் திரும்பாதவாறு மாற்றியும், பாலிமரேசின் பிழைகளைக் குறைத்தும் உருவாக்கப்பட்ட புதிய மருந்துக்கு 2020 நவம்பரில் உலக நலவாழ்வு அமைப்பு அவசரப் பயன்பாட்டுக்கு இசைவளித்தது. அதன் பின் நூறு கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் கொடுக்கப்பட்டுள்ளன. சாபினின் சொந்த இரண்டாம் வகை விகாரம் 2016 ஏப்ரலில் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து உலகெங்கும் நீக்கப்பட்டது. அதை வைத்துள்ள ஆய்வகங்கள் அழித்துவிட வேண்டும், அல்லது உரிய சான்று பெற்ற பாதுகாப்பு அறைகளில் பூட்டி வைக்க வேண்டும் என்பது இன்றைய விதி.